பதிவேடும் படைக்கலமும்: அமெரிக்க நாட்டில் பழைய தானியங்கித் துப்பாக்கிகளின் உடைமை வரலாறு

பழம்பொருளொன்றைப் பேணிக் காத்தற்கு அதன் பழமையே போதிய காரணம் என்பது வரலாற்று மாணவர் யாவர்க்கும் ஒப்பமுடிந்த கருத்தாகும். பழங்காசும், செல்லரித்த ஏடும், துருவேறிய வாளும் ஆண்டு ஏறுந்தோறும் மதிப்பு ஏறுவன. இப்பொது நெறிக்குப் புறம்பாக நிற்கும் பொருள்களும் சில உள. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடிமக்கள் கையிலிருக்கும் பழைய தானியங்கித் துப்பாக்கி அத்தகையவற்றுள் ஒன்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியில் ஒரே தொழிற்சாலையில் ஒரே கிழமையில் செய்யப்பட்ட இரண்டு எம்.பி.40 துப்பாக்கிகளை எண்ணிப் பார்ப்போம். இரண்டையும் அமெரிக்க வீரர் இருவர் போர்க்களத்தில் கைப்பற்றித் தம் ஊருக்குக் கொணர்ந்தனர் என்று கொள்க. இன்று அவற்றுள் ஒன்று பல்லாயிரம் டாலருக்கு வெளிப்படையாக விலைபோகலாம். வாங்குவோரும் விற்போரும் நன்மக்களாகவே கருதப்படுவர். மற்றொன்றை வைத்திருப்பவரோ பத்தாண்டுச் சிறைத் தண்டனைக்கு உரியவராவர். இரும்பில் வேறுபாடில்லை; தொழில்முறையில் வேறுபாடில்லை; வரலாற்றிலும் வேறுபாடில்லை. மேற்கு வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்பர்க் நகரிலுள்ள அரசு அலுவலகத்தின் பதிவேட்டில் ஒன்றன் வரிசை எண் உளது. மற்றதன் எண் இலது. வேறுபாடு இவ்வளவே. பொருளின்மேல் நிற்க வேண்டிய உரிமை பதிவேட்டின்மேல் நின்றது எவ்வாறு என்பதும், அதனால் வரலாற்றுச் சான்றுகள் அடைந்த நிலை யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

வரியாகப் பிறந்த சட்டம்

அந்நாட்டில் இயந்திரத் துப்பாக்கியைக் குடிமக்கள் வைத்திருத்தல் முற்றும் விலக்கப்பட்டது என்று நம்மவர் பலர் எண்ணுவர். கட்டுப்பாடே இல்லை என்று எண்ணுவாரும் உளர். இரண்டும் பிழை. 1934ஆம் ஆண்டு வரை நாடு முழுவதற்குமான நடுவணரசுச் சட்டம் எதுவும் இப்பொருள் குறித்து இல்லை. ஜெனரல் ஜான் தாம்ப்சன் என்பார் பெயரால் வழங்கும் சிறுவகை இயந்திரத் துப்பாக்கி 1921–22ஆம் ஆண்டுகளில் கோல்ட் தொழிற்சாலையில் 15,000 என்ற அளவில் செய்யப்பட்டது. முதல் உலகப் போரின் அகழிச் சண்டைக்கெனக் கருதப்பட்ட அக்கருவி, போர் முடிந்த பின்னரே விற்பனைக்கு வந்தமையால் படைத்துறையினர் அதனைப் பெரிதும் வாங்கவில்லை. கடைகளில் கிடைத்த அதனை மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராயக் கூட்டத்தார் பயன்படுத்தத் தொடங்கினர். 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் சிக்காகோ நகரில் எழுவர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சி நாட்டையே உலுக்கியது. அக்கொலையில் பயன்பட்ட இரண்டு தாம்ப்சன் துப்பாக்கிகளை மிச்சிகன் மாநிலத்து பெரியன் மாவட்டக் காவல் அலுவலகத்தார் இன்றளவும் காத்து வருகின்றனர். அவை அரசு அலுவலகமொன்றின் கையில் இருத்தல் நினைவிற் கொள்ளத்தக்கது; அதன் பயன் பின்னர் விளங்கும்.

இக்கொடுமைகளை ஒடுக்க எழுந்ததே 1934ஆம் ஆண்டுத் தேசியச் சுடுகலன் சட்டம். அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் அரசின் தலைமை வழக்கறிஞர் ஹோமர் கம்மிங்ஸ், வருவாய் பற்றிய சட்டங்களை ஆராயும் காங்கிரஸ் குழுவின்முன் தோன்றிக் கூறிய விளக்கமே இவ்வரலாற்றின் திறவுகோல் எனலாம். இத்துப்பாக்கியை எவரும் வைத்திருத்தல் கூடாது என்று நேரே தடுத்தால் அரசியலமைப்பைச் சார்ந்த ஐயம் எழும்; வரி விதித்தாலோ அந்த ஐயம் இல்லை என்பது அவர் கூறியதன் கருத்து. ஆகவே தடுக்கக் கருதிய அரசு தடுக்கவில்லை, வரி விதித்தது. துப்பாக்கி ஒவ்வொரு முறை கைமாறும்போதும் 200 டாலர் செலுத்துதல் வேண்டும். அத்தொகை அந்நாளில் ஏறத்தாழத் தாம்ப்சன் துப்பாக்கி ஒன்றன் விலைக்கு ஒப்பானது. வரி செலுத்தியமைக்குச் சான்று வேண்டுமாதலின் பதிவேடு வந்தது. முன்னரே வைத்திருந்தோர் சட்டம் நடைமுறைக்கு வந்த 60 நாள்களுக்குள் பதிவு செய்துகொள்ளுமாறு விதிக்கப்பட்டனர். முதல் முன்வரைவில் கைத்துப்பாக்கிகளும் அடங்கியிருந்தன. எதிர்ப்பு மிகுந்தமையால் அவை நீக்கப்பட்டன. 1937இல் சொன்ஸின்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இது வரிச்சட்டமே என்று ஏற்றுக்கொண்டது.

வரிச்சட்டமாகப் பிறந்தமையால் விளைந்தது யாதெனில், பொருள் ஏற்றதா அன்றா என்பதை அப்பொருளை நோக்கி அறியவியலாமற் போயிற்று. கணக்கில் ஏறியதா, ஏறவில்லையா என்பதே வினா. சாராயத்துக்கும் புகையிலைக்கும் வரி தண்டிய வருவாய்த் துறையினரே இப்பதிவேட்டையும் காத்தனர். இன்று அதனைக் காக்கும் பணியகத்தின் பெயர் மதுவில் தொடங்கி வெடிபொருளில் முடிவதன் காரணம் இதுவே.

சொல்லும் பொருளும்

சட்டம் இயந்திரத் துப்பாக்கிக்குக் கூறும் இலக்கணத்தை நாம் நூற்பாவை நோக்குமாறு நோக்குதல் தகும். மீண்டும் கையால் குண்டேற்றாமல், விசையின் ஒரே செயலால், ஒன்றுக்கு மேற்பட்ட முறை தானே சுடுவது என்பது அதன் சாரம். ஒவ்வொரு சொல்லும் ஒன்றனை விலக்கவே நிற்கிறது. பல குழல்களைக் கையால் சுழற்றிச் சுடும் காட்லிங் துப்பாக்கி எத்துணை விரைவாகச் சுடினும் இவ்விலக்கணத்துள் அடங்காது. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாலன்றி அது சுடாது. கண்ணுக்குப் பேரச்சம் தரும் காட்லிங்கைக் குடிமகன் எளிதில் வைத்திருக்கலாம். மேலங்கிக்குள் மறையும் சிறு கருவியை வைத்திருத்தல் அரிது. 2024ஆம் ஆண்டு கார்கில் வழக்கில் உச்ச நீதிமன்றத்து நடுவர் அறுவர், விரைந்து சுட உதவும் துணைக்கருவி பொருத்திய துப்பாக்கி இவ்விலக்கணத்துட்படாது என்றனர், மூவர் மறுத்தனர். வழக்கு முழுவதும் ‘விசையின் ஒரே செயல்’ என்னும் தொடரின் பொருளைச் சுற்றியே நடந்தது. தீர்ப்புரையில் விசையின் உட்பொறி படங்களோடு விளக்கப்பட்டிருத்தலைக் காணலாம். உரையாசிரியர்கள் ஒரு வேற்றுமை உருபைப் பற்றி நடத்திய போர்கள் நினைவுக்கு வருகின்றன.

1968ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விலக்கணத்தை மேலும் விரித்தது. சுடுவது மட்டுமன்றி, எளிதில் சுடுமாறு செய்யக்கூடியதும் இயந்திரத் துப்பாக்கியாம். அன்றியும், ரிசீவர் எனப்படும் உடற்கூடு தனித்து நின்றாலும் அதுவே இயந்திரத் துப்பாக்கியாம். குழலில்லை, விசையில்லை, கட்டையில்லை. வெறும் இரும்புக் கூடு ஒன்று மேசைமேல் கிடக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது முழுத் துப்பாக்கியே. இவ்விரிவு பழம்பொருள் உடையார்க்குப் பெருங்கேடாய் முடிந்தது.

முப்பது நாள்

1950களில் கருவூலத் துறையினர் நல்லதொரு வழிவகை செய்திருந்தனர். போரிலிருந்து நினைவுப்பொருளாகக் கொணரப்பட்ட இயந்திரத் துப்பாக்கியின் குழலை அடைத்து உடலோடு பற்றவைத்துச் சுடவியலாதவாறு செய்துவிட்டால், பதிவின்றியே சுவரில் மாட்டி வைத்துக்கொள்ளலாம் என்பது அது. செயலிழந்த போர்ச்சின்னம் என்னும் பெயரால் அத்தகைய துப்பாக்கிகள் பல வீடுகளில் இடம்பெற்றன. 1968இல் உடற்கூடே துப்பாக்கி என்றானவுடன், சட்டத்தை நம்பி அவற்றை வைத்திருந்தோர் யாவரும் பதிவு செய்ய வேண்டியவராயினர்.

அவ்வாண்டு சனவரித் திங்களில் ஹேய்ன்ஸ் வழக்கின் தீர்ப்பு வந்தது. குழல் குறுக்கப்பட்ட வேட்டைத் துப்பாக்கியைப் பதிவின்றி வைத்திருந்த ஒருவர், ‘நான் பதிவு செய்யச் சென்றால் அதுவே என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டதாகுமே’ என்னும் கருத்துப்பட வாதிட்டார். தனக்கெதிராகத் தானே சான்று கூறுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்றது. முப்பத்து நான்கு ஆண்டு நடந்த சட்டம் ஒரே நாளில் முடங்கியது.

காங்கிரஸ் சட்டத்தைப் புதுக்கியது. 1968 அக்டோபர் 22ஆம் நாள் ஒப்பம் பெற்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்வழி, நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை முப்பது நாள் பொது மன்னிப்புக் காலம் அறிவிக்கப்பட்டது. அந்நாள்களில் எவரும் தம் துப்பாக்கியை 4467 எண்ணுள்ள படிவத்தில் எழுதிப் பதிந்துகொள்ளலாம். அச்செய்தி அவர்மீது வழக்குத் தொடரப் பயன்படாது. அதன்பின் வைத்திருப்பவர் தாமே சென்று பதிவு செய்தல் என்னும் வழியே அடைக்கப்பட்டது. செய்தவர், இறக்குமதி செய்தவர், முறைப்படி கைமாற்றுபவர் ஆகியோரே பதிய வல்லவர். குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு எவரையும் சட்டம் இப்பொழுது வற்புறுத்தவில்லை. ஏனெனில் ஒப்புக்கொள்ளவும் இடமில்லை! ஹேய்ன்ஸ் எழுப்பிய தடைக்கு இவ்வாறு விடை காணப்பட்டது. 1971இல் ஃபிரீட் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதனை ஏற்றது. குடிமகனைக் காக்க எழுந்த தீர்ப்பு, முடிவில் அவனுக்கிருந்த ஒரே வாயிலை அடைத்தமை எண்ணத்தக்கது.

அம்முப்பது நாள் பற்றி அறியாதார் எத்துணையர்! செய்தித்தாள் படியாதவர், பரண்மேல் இருப்பதை மறந்தவர், அரசு அலுவலகத்தில் ‘என்னிடம் இயந்திரத் துப்பாக்கி உண்டு’ என்று எழுதிக் கொடுக்க அஞ்சியவர் எனப் பலரும் இருந்திருப்பர். அவர்கள் விட்ட நாளுக்கு அவர்தம் பேரர்கள் இன்று விடை கூற வேண்டியவராகின்றனர்.

மூடப்பட்ட ஏடு

1986ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரீகன் ஒப்பமிட்ட சட்டத்தின் பெயர் துப்பாக்கி உடைமையாளர் பாதுகாப்புச் சட்டம். பெயருக்கேற்ப அது பல கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஆயினும், ஏப்ரல் 10ஆம் நாள் கீழவை விவாதத்தின் இறுதியில் நியூஜெர்சி உறுப்பினர் வில்லியம் ஹியூஸ் கொணர்ந்த திருத்தம் அதனுட் புகுந்தது. அவைத்தலைமை வகித்த சார்லஸ் ரேங்கல் குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியதாக அறிவித்தார். அவ்வறிவிப்புச் சரியா என்னும் பூசல் இன்றும் அடங்கவில்லை. மே 19க்கு முன் முறைப்படி உடைமையாக இருந்தவை தவிர வேறெந்த இயந்திரத் துப்பாக்கியையும் குடிமக்கள் வைத்திருத்தலோ கைமாற்றுதலோ கூடாது என்பது திருத்தத்தின் பொருள்.

இவ்வாறு ஏடு மூடப்பட்டது. குடிமக்களிடையே கைமாறத்தக்க துப்பாக்கிகள் ஏறத்தாழ 1,75,000 எனப் பணியகம் 2016இல் தெரிவித்தது. இத்தொகை குறையலாமேயன்றிக் கூடாது. விலை ஏறியது இயல்பே. வாங்க விரும்புவோர் விரற்பதிவும் நிழற்படமும் அளித்து, தம் ஊர்க் காவல்துறைத் தலைவர்க்கு அறிவித்து, வரி செலுத்தி, ஒப்புதல் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். நியூயார்க் முதலிய சில மாநிலங்களில் இவையெல்லாம் செய்தும் பயனில்லை. மாநிலச் சட்டமே அதனை விலக்குகிறது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்வோர், வண்டியில் ஏற்றுமுன் துப்பாக்கிக்கும் இசைவு பெறுதல் வேண்டும்.

ஈண்டு மிக நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. 1986 மே மாதத்துக்கு முன் அமெரிக்கத் தொழிலாளர் சிலர் இங்கிலாந்து நாட்டு ஸ்டென் துப்பாக்கியின் உடற்கூட்டைப் போன்ற இரும்புக் குழாய்களைச் செய்து, எண் பொறித்துப் பதிவு செய்துகொண்டனர். அக்குழாய்களில் பழைய ஸ்டென்னின் உறுப்புகளைப் பொருத்தினால் சட்டத்திற்கு உகந்த துப்பாக்கியாகும். ஆனால் 1943இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, நார்மண்டிக் கடற்கரையில் வீரனொருவன் தோளில் தொங்கி, அவன் பெட்டியில் அமெரிக்கா வந்து, பதிவு பெறாமல் நின்ற மூல ஸ்டென் கள்ளப்பொருள். படி பேணப்படுகிறது, மூலம் அழிக்கப்படுகிறது. சுவடியியல் பயின்றோர்க்கு இதன் விபரீதம் சொல்லாமலே விளங்கும்.

மரபுரிமையாளர் நிலை

போர்வீரர் ஒருவர் இறந்தபின் அவர் பெட்டியைத் திறக்கும் குடும்பத்தாரின் நிலையை இனி நோக்குவோம். உள்ளே இயந்திரத் துப்பாக்கியும், அதனைக் கைப்பற்றிக் கொண்டுசெல்ல மேலதிகாரி அளித்த ஒப்புதல் தாளும் இருக்கின்றன. அத்தாள் வரலாற்றறிஞர்க்கு விலைமதிப்பற்றது. எந்தப் படைப்பிரிவு, எக்களம், எந்நாள் என்பனவற்றையெல்லாம் அது கூறலாம். சட்டத்திற்கோ அது வெறுந்தாள். பதிவுத்தாள் வேறு, கைப்பற்றுத்தாள் வேறு.

பதிவுத்தாள் கிடைத்தால் இடர் ஏதுமில்லை. மரபுரிமையாளர்க்கு வரியின்றியே அது மாற்றித் தரப்படும். சுடவியலாத பொருளையும் காட்சிக்குரியதாக வரியின்றி மாற்றலாம் என்றும் சட்டம் கூறுகிறது. தாள் கிடைக்காவிடின், வீட்டில் தொலைந்ததா, என்றுமே இல்லையா என்று உயில் நிறைவேற்றுநர் பணியகத்தைக் கேட்டறிதல் வேண்டும். வரி பற்றிய மறைச்செய்தியாதலின் பிறர் கேட்டால் கூறார். பதிவேட்டின் செம்மை பற்றியும் ஐயம் உண்டு. 1998இல் கருவூலத் துறையின் தணிக்கையாளரும், 2007இல் நீதித்துறையின் தணிக்கையாளரும் அதனை ஆராய்ந்து குறைகள் உள என எழுதினர். உரிமை முழுவதும் ஏட்டின்மேல் நிற்கையில் ஏட்டின் பிழை எழுத்துப் பிழையாக மட்டும் நில்லாது. ஒருவரின் சிறைவாசமாகவும் ஆகலாம்.

அறியாமை காக்குமா எனின், ஒருவகையில் காக்கும். மற்றொரு வகையில் காவாது. தாம் வைத்திருப்பது தானியங்கும் தன்மையது என்பதை உடையவர் அறிந்திருந்தார் என்று அரசு மெய்ப்பித்தல் வேண்டும் என 1994இல் ஸ்டேப்பிள்ஸ் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆயின், அது பதிவாகவில்லை என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டுவதில்லை என்பது முன்கூறிய ஃபிரீட் வழக்கின் முடிபு. பாட்டனார் கொணர்ந்த போர்த் துப்பாக்கியை இன்னதென்று அறியாத பேரன் அரியன். ஆகவே முதல் தீர்ப்பின் நிழல் அவனுக்கு எட்டுவதில்லை.

பதிவில்லை என்று தெளிந்தபின் குடும்பத்தார்க்கு எஞ்சும் வழிகள் மிகச் சில. அரசிடம் ஒப்படைக்கலாம். உடற்கூட்டைத் தீப்பிழம்பால் துண்டுகளாக்கி, ஏனைய உறுப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். உடற்கூட்டின் மேல்தானே வரிசை எண்ணும் தொழிற்சாலைக் குறியும் செய்த ஆண்டும் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதை ஈண்டு நினைவுகூர்க. அருங்காட்சியகத்துக்குத் தரலாம் எனின், தனியார் நடத்தும் வரலாற்றுக் கழகம் அதனை ஏற்கவியலாது; அரசைச் சார்ந்த நிறுவனமே ஏற்கலாம். சிக்காகோக் கொலைத் துப்பாக்கிகள் காவல் அலுவலகத்தின் கையிலிருப்பது நினைவிற் கொள்ளத்தக்கது என்று முன்னர்க் கூறியதன் காரணம் இதுவே. கொலைஞர் கையிலிருந்த கருவி அரசிடம் போனதால் எஞ்சியது. வீரன் கையிலிருந்த கருவி வீட்டில் தங்கியதால் வெட்டுண்கிறது.

பழமை கருதிச் சட்டம் யாதொரு சலுகையும் தரவில்லையோ எனின், தருகிறது. ஐம்பதாண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேர்ப்போர்க்குத் தனி உரிமம் உண்டு. சேகரிப்புப் பொருளாகவே மதிக்கப்பட்டுப் படைக்கலமாகப் பயன்பட வாய்ப்பில்லாதவற்றை இச்சட்டத்திலிருந்தே நீக்கிவிடவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவ்வதிகாரம் இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிபடைக்கும் செல்லாது என்று அதே விதி கூறுகிறது. ஏனையவற்றைக் காலம் விடுவிக்கும். இதனைக் காலம் விடுவிப்பதில்லை.

சட்டத்தை இயற்றியோர்பால் முழுப்பிழையும் சுமத்துதல் நேர்மையன்று. நூறாண்டு ஆயினும் எண்ணெயிட்ட தாம்ப்சன் சுடவே செய்யும். பழமை அதன் வாயை அடைப்பதில்லை. பதிவு பெற்ற துப்பாக்கிகள் குற்றங்களில் பயன்பட்டமை மிக அரிது என்பது உண்மையே. அதனைப் பதிவுமுறையின் வெற்றி என்பர் ஒரு சாரார்; உடைமையாளரின் நேர்மைக்குச் சான்று என்பர் மற்றொரு சாரார். இரண்டும் ஒருங்கே உண்மையாகலாம் என்பதே எம் கருத்து. எம் குறை கட்டுப்பாட்டைப் பற்றியதன்று. வாயிலை முப்பது நாள் மட்டுமே திறந்து வைத்த முறையைப் பற்றியது.

1934இல் விதித்த 200 டாலர் வரி இன்றும் 200 டாலரே. 2025ஆம் ஆண்டுச் சட்டமொன்று, ஒலியடக்கி, குறுங்குழல் துப்பாக்கி முதலியவற்றின் வரியை 2026 சனவரி 1 முதல் இல்லையாக்கிற்று. இயந்திரத் துப்பாக்கியின் வரியைத் தொடவில்லை. அன்று பொருளின் விலைக்கு ஒப்பாயிருந்த வரி இன்று அதன் விலையில் நூற்றில் ஒரு பங்களவாகச் சுருங்கிவிட்டது. ஆகவே தடுப்பது வரியன்று, மூடிய ஏடே. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓர் உட்பிரிவு, ஒவ்வொரு முறையும் 90 நாள் வரை மீண்டும் மன்னிப்புக் காலம் அறிவிக்க அரசுக்கு அதிகாரம் அளித்துள்ளது. இயந்திரத் துப்பாக்கிகளுக்கென அவ்வதிகாரம் 1968க்குப் பின் பயன்படுத்தப்படவில்லை. இனிப் பயன்படுத்தினும், 1986 மே மாதத்துக்கு முன் முறைப்படி உடைமையாகாத துப்பாக்கியை 1986ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்குமா என்று வினவுவாரும் உளர். மன்னிப்பு அளிக்கும் பிரிவும் தடுக்கும் பிரிவும் சட்டநூலில் ஒருங்கே நிற்கின்றன. இரண்டனுள் எது வலிது என்பதை எந்த நீதிமன்றமும் தீர்க்க வேண்டிய நிலை வந்திலது.